ஹீட்டர் வேண்டாம்னாலும் ஹீட்டர் ஹோஸைக் கவனி, அம்மிணி!

அப்புச்சியோட அம்பாசிடரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து ஓட்டப் போறேன்னு நீ சொன்ன நாளிலிருந்து, வீட்டில எல்லாரும் டயரையும் பிரேக்கையும் பத்தித்தான் பேசறாங்க. அதெல்லாம் பட்டறைக்காரங்களே பார்த்துக்குவாங்க. அக்கா சொல்ல வந்தது தண்ணியைப் பத்தி. இந்த மாதிரிப் பழைய வண்டி நடுரோட்டில நின்னா, தண்ணி ஓடற வழியில ஒரு ரப்பர் துண்டோ, ஒரு கிளிப்போ, ஒரு மூடியோதான் பாதிக்குப் பாதி காரணமா இருக்கும். அதிலயும் யாரும் குனிஞ்சு பார்க்காத இடம், ஹீட்டருக்குப் போற அந்த ரெண்டு சின்ன ஹோஸ்.

"சோமனூர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குங்க?"ன்னு எந்த மெக்கானிக்கும் கேட்பார். நியாயமான கேள்விதான். நம்ம பக்கம் ஓடின அம்பாசிடர்ல பெரும்பாலும் ஹீட்டரே இருக்காது. இந்த வண்டி அப்புச்சி ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில இருந்து வாங்கினது. அதனாலதான் டாஷ்போர்டுக்கு அடியில அந்தக் கறுப்புப் பெட்டி இருக்கு. கீழே வந்த பிறகு ஒரு பட்டறையில ரெண்டு ஹோஸையும் பாதியில அறுத்து, முனைக்கு ஒரு போல்ட்டைத் திணிச்சு, கிளிப்பைப் போட்டு முறுக்கி விட்டுட்டாங்க. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்பக்கம் பாரு, இன்னும் அப்படியே தொங்கிட்டிருக்கும். முதல் வேலை அதைச் சரிபண்றதுதான்.

ஏன்னு சொல்றேன். நம்ம வண்டி மார்க் 3. 1957-ல உத்தரப்பாராவில தயாரிக்கத் தொடங்கி 2014 மே மாசம் வரைக்கும் ஓடின வம்சம். அதோட மூலம் இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அங்கிருந்து வந்த வடிவம்தான். குளிர் தேசத்துக்காக யோசிச்ச எஞ்சின், அதனால சிலிண்டர் ஹெட்டோட பின்முனையிலயே ஹீட்டருக்குத் தண்ணி எடுக்க ஒரு வழி வச்சிருக்கான். வாட்டர் பாடி, அதாவது தண்ணி பம்பு, சுத்தும்போது ரேடியேட்டரோட கீழ் ஹோஸ்ல இருந்து ஆறின தண்ணியை இழுத்து பிளாக்குக்குள்ள தள்ளும். அது சிலிண்டரைச் சுத்தி, ஹெட்டுக்கு ஏறி, முன்பக்கம் தெர்மோஸ்டாட் வழியா மேல் ஹோஸ்ல ரேடியேட்டருக்குத் திரும்பும். இது பெரிய சுத்து. ஹெட்டோட பின்னாலிருந்து ஒரு பங்கு சுடுதண்ணி ஒரு சின்ன டேப்பைத் தாண்டி ஹீட்டர் கோருக்குள்ள போய், சூட்டை வண்டிக்குள்ள விட்டுட்டு, பம்பு இழுக்கற பக்கமா வந்து சேரும். இது சின்ன சுத்து. ரெண்டும் ஒரே தண்ணி, ஒரே அழுத்தம். சின்ன சுத்துல ஒரு ஊசி ஓட்டை விழுந்தாலும் பெரிய சுத்து காலி ஆயிரும்.

போல்ட் அடைச்ச அந்த ஹோஸ்ல தண்ணி ஓடறதில்லை, நிக்குது. ஆனா எஞ்சின் சூடும் மூடியோட அழுத்தமும் அதுமேல முழுசா இருக்கு. கட்டை முனையில சேறும் துருவும் தங்கும். ரப்பர் உள்பக்கமா கெட்டுப்போகும், வெளியில பளபளன்னு நல்லாத் தெரியும். ஒரு நாள் அவினாசி ரோட்டில அறுபதுல போறப்ப, போல்ட்டுக்குப் பக்கத்தில வெடிச்சுரும். அது எஞ்சினுக்குப் பின்னாலங்கறதால ஆவி உன் கண்ணுக்கே தெரியாது.

அதுக்கு மூணு வழி இருக்கு. ஹீட்டரே வேண்டாம், கோரும் ஒழுகுதுன்னா ஹோஸையெல்லாம் கழட்டிட்டு, ஹெட் பக்கத்தையும் திரும்பி வர்ற பக்கத்தையும் உலோகத்திலயே அடைச்சுரு. ஹெட்டில டேப் இருக்கிற இடத்துக்கு ஒரு தகட்டை வெட்டி, நல்ல பேக்கிங் வச்சு இறுக்கலாம். நம்ம ஊர்ல எந்த லேத்துலயும் அரை மணி நேர வேலை. ரெண்டாவது, கோரை மட்டும் விட்டுட்டு ரெண்டு முனையையும் ஒரே ஹோஸால வளைச்சு இணைக்கிறது. தண்ணி ஓடிட்டே இருக்கும், எங்கேயும் நிக்காது. சில எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணி சுத்தறதுக்கு ஹீட்டர் வழி ஒண்ணுதான் இருக்கும். அங்கெல்லாம் அடைக்கவே கூடாது, இப்படித்தான் வளைச்சு விடணும். உன் சினேகிதி வச்சிருக்கிற பத்மினியோ வேற வண்டியோ எதுவானாலும், அடைக்கறதுக்கு முன்னால இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கச் சொல்லு.

மூணாவது வழிதான் அக்காவுக்குப் பிடிச்சது. கோரைச் சரிபண்ணி ஹீட்டரை ஒழுங்கா ஓட விடு. நீ மார்கழியில ஊட்டிக்குப் போறவ, கண்ணாடியில பனி மூடும். அதைவிடப் பெரிய காரணம், மலை ஏறும்போது எஞ்சின் சூடாச்சுன்னா அந்தக் குட்டிக் கோர் இன்னொரு ரேடியேட்டரா வேலை செய்யும். அதைக் கடைசியில சொல்றேன்.

ஹோஸ் வாங்கறப்ப

பழைய ஹோஸைக் கையோட எடுத்துட்டுப் போ. "அம்பாசிடர் ஹீட்டர் ஹோஸ்"னு கேட்டா எதையாவது தந்துருவாங்க. உள்விட்டம்தான் கணக்கு. அந்தக் காலத்து வண்டிகளுக்கு அரை அங்குலமோ ஐந்தெட்டு அங்குலமோ இருக்கும், ஹோஸ் போய் உட்கார்ற குழாயை அளந்துக்க. சின்னதைச் சூடு பண்ணி இழுத்து மாட்டறதும், பெருசைக் கிளிப்பால நசுக்கி உட்கார வைக்கிறதும் ரெண்டுமே ஒழுகும்.

தோட்டத்துக்குத் தண்ணி விடற பிளாஸ்டிக் குழாயும் கேஸ் அடுப்பு டியூப்பும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஹோஸும் ஆகாது. ரப்பர்ல ஜாதி இருக்கு. ஹீட்டர் ஹோஸுக்கு ஈ.பி.டி.எம்.னு சொல்ற ரப்பர், நடுவில நூல் பின்னினது வேணும். சுடுதண்ணியும் கூலன்ட்டும் அதை ஒண்ணும் பண்ணாது, ஆனா எண்ணெய் பட்டா ஊதிப்போகும். அதனால மாட்டும்போது வழுக்கறதுக்கு கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவிராதே. சோப்புத் தண்ணி போதும். ஹோஸை வாங்கினதும் ஒரு முனையை அமுக்கிப் பாரு. வெட்டின வாயில நூல் அடுக்கு தெளிவாத் தெரியணும், அமுக்கி விட்டதும் சட்டுனு வட்டத்துக்கு வரணும். விளக்குமாத்துக் குச்சி மாதிரி விறைச்சுக் கிடந்தா கடையிலயே ரொம்ப நாள் தூங்கினது, திருப்பிக் கொடுத்துரு.

நீலக் கலர், சிவப்புக் கலர் சிலிக்கோன் ஹோஸ் இப்ப நிறைய வருது. பார்க்க அழகு, சூட்டையும் நல்லாத் தாங்கும். ஆனா அது மிருதுவானது. சாதாரணக் கிளிப்போட பல்லு அதைக் கீறி உள்ள இறங்கிரும். அதுக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்கிற கிளிப்தான் போடணும். அப்புச்சி வண்டிக்குக் கறுப்பு ரப்பரே அக்கா சிபாரிசு.

வளைவில கவனம். நேர் ஹோஸை ஒடுக்கமான இடத்தில வளைச்சா மடிஞ்சுக்கும், தண்ணி ஓடாது. அப்படிப்பட்ட இடத்துக்கு அச்சுல வளைச்சே வர்ற ஹோஸ் வாங்கு, இல்லேன்னா நடுவில ஒரு உலோக எல்போ கொடுத்துச் சேர்க்கச் சொல்லு. ஹோஸ் எங்கேயும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில போகக் கூடாது. டேஷ் தகட்டைத் துளைச்சு உள்ள போற இடத்தில ரப்பர் வாஷர் கண்டிப்பா இருக்கணும். அங்க தகட்டு விளிம்பு ரப்பரை அரைச்சுட்டே இருக்கும்.

கழட்டறதுதான் பெரிய வேலை

பழைய ஹோஸ் பல வருசமா அந்தக் குழாயோட ஒட்டிக் கிடக்கும். மெக்கானிக் பையன் என்ன பண்ணுவான்னா, பிளையரால பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகுவான். அப்பவே நீ நிறுத்திரணும். ஹீட்டர் கோரோட மூக்கு மெல்லிசான பித்தளைக் குழாய், ஈயம் வச்சுத்தான் ஒட்டியிருக்கு. ஒரு திருகுல அடி விட்டுரும். அப்புறம் டாஷ்போர்டைக் கழட்டிக் கோரை வெளியே எடுக்கணும், ஒரு நாள் முழுக்க போகும்.

பிளேடு எடுத்துக்க. ஹோஸோட முனையில இருந்து நீளவாக்கில, குழாயைக் கீறாம ரப்பரை மட்டும் கோடு போட்டு வெட்டு. ஒரே வெட்டுல முழுசா இறங்கணும்னு இல்லை, ரெண்டு மூணு தடவை அதே கோட்டில மெதுவாப் போ. கோடு விழுந்ததும் கட்டை விரலால ரெண்டு பக்கமும் விரிச்சா, ஆரஞ்சுத் தோல் மாதிரி கையோட வந்துரும். மூக்குமேல ஒட்டியிருக்கிற பழைய ரப்பரையும் பச்சைப் பூச்சையும் நல்ல சாண்ட் பேப்பரால சுத்தமா, வளையம் வளையமாத் தேய்ச்சு எடு. அதுல ஒரு மணல் அளவு மேடு இருந்தாக்கூட அந்த வழியாத் தண்ணி கசியும். மூக்கோட நுனியில ஒரு வரம்பு இருக்கும். கிளிப் அந்த வரம்பைத் தாண்டி உள்பக்கம் உட்காரணும், வரம்பு மேலயே உட்காரக் கூடாது. ஹோஸை மாட்டறதுக்கு முன்னாலயே கிளிப்பை அதுல கோர்த்துக்க.

இறுக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு. ரப்பர் கிளிப்போட ஓட்டை வழியாப் பிதுங்கி வந்தா ரொம்ப இறுக்கிட்டேன்னு அர்த்தம். முதல் தடவை எஞ்சின் நல்லாச் சூடாகி, திரும்ப முழுசா ஆறின பிறகு எல்லாக் கிளிப்பையும் ஒரு கால் சுத்து இறுக்கிப் பாரு. புது ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். இதை எந்தப் பட்டறையும் உனக்காகக் கூப்பிட்டுச் செய்யாது, நீதான் திருப்புளியோட போய்ச் செய்யணும்.

ரெண்டு பெரிய ஹோஸையும் அதே நேரத்தில மாத்திரு. கீழ் ஹோஸ் மேல தனிக் கண் வை. பம்பு அதை இழுக்கிற பக்கம், எஞ்சின் வேகமாச் சுத்தும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கும். அதுக்காகத்தான் சில ஹோஸுக்குள்ள கம்பிச் சுருள் வச்சிருப்பாங்க. பழைய சுருள் துருப்பிடிச்சுத் தூளாகியிருந்தா புதுச் சுருள் போடாம மாட்ட விடாதே. நின்னுட்டு இருக்கும்போது சூடு ஏறாம, ரோட்டில வேகமாப் போனா மட்டும் ஏறுதுன்னா இதையும் சந்தேகப்படணும்.

பஞ்சு

இதை வேற ஊர்க்காரங்க யாரும் உனக்குச் சொல்ல மாட்டாங்க. வண்டி இத்தனை வருசம் நின்னது விசைத்தறிக்கூடத்தைத் தொட்ட ஷெட்டில. தறி ஓடற இடத்தில பறக்கற பஞ்சுத் தூசி உனக்குத் தெரியாததா? சிலந்தி வலையில கூடத் தொங்கும். அதே பஞ்சு ரேடியேட்டரோட மெல்லிசான மடிப்புக்குள்ள போய் உட்கார்ந்து, மேல கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து, போர்வை மாதிரி ஆயிருக்கும். முன்னால கிரில் வழியாப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஃபேன் பக்கத்தில இருந்து ஒரு டார்ச்சை அடிச்சு, இன்னொருத்தரை முன்னால நிக்கச் சொல்லு. வெளிச்சம் சல்லடையில வர்ற மாதிரி எங்கும் ஒரே சீரா வரணும். இருட்டுத் திட்டு தெரியற இடமெல்லாம் காத்துப் போகாத இடம்.

சுத்தம் பண்ணறது எஞ்சின் பக்கத்தில இருந்து முன்பக்கமா, காத்து வர்ற திசைக்கு எதிர்த் திசையில. வாட்டர் சர்வீஸ்ல துப்பாக்கி மாதிரிப் பீச்சற தண்ணியை அதுமேல விடவே கூடாது, செம்பு மடிப்பு அப்படியே படுத்துரும். சாதா குழாய்த் தண்ணியில கொஞ்சம் ஷாம்பு, மிருதுவான பிரஷ், பொறுமை. ரெண்டு மூணு தடவை ஊற விட்டுச் செஞ்சா கறுப்புத் திரி திரியா வெளியே வரும். கருமத்தம்பட்டி, சோமனூர், சாமளாபுரம் சுத்தி வண்டி வச்சிருக்கிற யாரும் வெயில் காலம் வர்றதுக்கு முன்னால இதைச் செஞ்சே ஆகணும். ஷெட்டில நிறுத்தும்போது கிரில்லுக்கு முன்னால ஒரு பழைய பெட்ஷீட்டைத் தொங்க விட்டுரு, எடுக்கும்போது மறக்காம உருவிக்க.

உள்பக்கத்துக்கு நம்ம போர்த் தண்ணிதான் எதிரி. ஆயிரம் அடிக்குக் கீழ இருந்து வர்ற உப்புத் தண்ணியைக் காய்ச்சினா பாத்திரத்தில வெள்ளையாப் படியுதில்ல? அதேதான் எஞ்சின் பிளாக்குக்குள்ள, சிலிண்டரைச் சுத்தி நடக்குது. படிஞ்ச சுண்ணாம்பு சூட்டைத் தண்ணிக்குக் கடத்த விடாது. ரேடியேட்டரைப் புதுசா மாத்தியும் வண்டி சூடாகுதுன்னு சொல்றவங்க நிறையப் பேர் பிளாக்கைக் கழுவியே இருக்க மாட்டாங்க. பிளாக்கோட பக்கவாட்டில, பின்னால தள்ளி ஒரு டிரெயின் டேப் இருக்கும். திறந்தா ஒண்ணும் வராது, சேறு அடைச்சிருக்கும். கம்பியை விட்டுக் குத்து, செம்மண் குழம்பு மாதிரி வரும். தெளிவாத் தண்ணி வர்ற வரைக்கும் மேல இருந்து விட்டுட்டே இரு. ஹீட்டர் கோரைத் தனியாக் கழுவு. திரும்பி வர்ற மூக்கு வழியாத் தண்ணியை விட்டு, போற மூக்கு வழியா வெளியே எடு. குழாயை முழுசாத் திறக்காதே, பழைய ஈயம்.

ஆசிட் ஊத்திக் கழுவலாம்னு யாராவது சொன்னா ரேடியேட்டர் வேலை தெரிஞ்சவர்கிட்ட மட்டும் விடு. பழைய கோர்ல சில இடத்தில சுண்ணாம்புதான் ஓட்டையை அடைச்சு வச்சிருக்கும். அது கரைஞ்சா ஒழுக்கு வெளியே வரும். ஒரு விதத்தில மலையில வர்றதைவிட வீட்டிலயே வர்றது நல்லதுதான்.

மஞ்சள் தூள் வைத்தியம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். ரேடியேட்டர் ஒழுகினா ஒரு கை மஞ்சள் தூளைப் போடறது. ஈரோடு பக்கத்திலயே இருக்கு, மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும், அக்கா இல்லேன்னு சொல்லலை. ஆனா வந்து சேர்ந்த அன்னைக்கே எல்லாத்தையும் கழுவிரணும். அந்தத் தூள் ஓட்டையோட நிக்காது, ஹீட்டர் கோரோட மெல்லிசான குழாயைத்தான் முதல்ல அடைக்கும்.

கழுவி முடிச்சதும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊத்து. நமக்குத் தண்ணி உறையற கவலை இல்லை, துருப்பிடிக்காம இருக்கவும் கொதிநிலை ஏறவும்தான் கூலன்ட். பாதிக்குப் பாதி கலந்தா மூடியோட அழுத்தம் சேராமலே 107 டிகிரி வரைக்கும் கொதிக்காது. கலரைப் பார்த்து வாங்காதே, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செம்பு, பித்தளை, ஈயம் வச்ச ரேடியேட்டருக்கு ஆகும்னு டப்பாவில போட்டிருக்கான்னு படி. ஒரு முக்கியமான விஷயம்: அது இனிப்பா இருக்கும், கொடிய விஷம். வடிச்ச கூலன்ட்டைத் திறந்த பேசின்ல வச்சுட்டு டீ குடிக்கப் போகாதே. நாய் நக்கினா பிழைக்காது, குழந்தைங்க விஷயம் சொல்லவே வேண்டாம். வாய்க்கால்லயும் சாக்கடையிலயும் ஊத்தாம, மூடி போட்ட கேன்ல பிடிச்சு, பழைய ஆயிலோட வாங்கிக்கற சர்வீஸ் சென்டர்ல கொடுத்துரு.

புதுசா நிரப்பும்போது காத்து மாட்டிக்கும். ஹீட்டர் கோர் உயரத்தில இருக்கிறதால அங்கதான் காத்து போய் ஒளியும். வண்டியோட மூக்கு மேல இருக்கிற மாதிரி சரிவில நிறுத்து. ஹீட்டர் டேப்பை முழுசாத் திறந்துக்க. மூடி இல்லாம மெதுவா ஊத்து, மேல் ஹோஸை அப்பப்ப அமுக்கி விடு, குமிழ் வரும். எஞ்சினை ஐடில்ல ஓட விடு. சித்த நேரத்தில மேல் ஹோஸ் திடீர்னு சூடாகும், அதுதான் தெர்மோஸ்டாட் திறந்த நேரம். தண்ணி மட்டம் சட்டுனு இறங்கும், மறுபடி ஊத்து. ஹீட்டர் ஹோஸ் ரெண்டையும் தொட்டுப் பாரு. ரெண்டும் சூடா இருந்தா தண்ணி சுத்துது. ஒண்ணு மட்டும் சூடுன்னா இன்னும் காத்து நிக்குது, இல்லேன்னா கோர் அடைச்சிருக்கு.

மூடியும் தெர்மோஸ்டாட்டும்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அழுத்தம் ஒரு பவுண்டு ஏறினா கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். இதுல ஊட்டிக் கணக்கைப் போட்டுப் பாரு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்தில தண்ணி 93 டிகிரிக்குள்ளயே கொதிச்சுரும். தெர்மோஸ்டாட் திறக்கறதே 82-ல. நடுவில பத்துப் பதினோரு டிகிரிதான். 7 பவுண்டு மூடி சரியாப் பிடிச்சா அங்கயும் நூறைத் தாண்டி நிக்கும். ரப்பர் வாஷர் வெடிச்ச மூடியைப் போட்டுட்டுப் போனா, எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லாமலே தண்ணி பொங்கி வழியும்.

மூடி மேல அடிச்சிருக்கிற எண்ணைப் பார்த்து, வண்டிக்கு என்ன சொல்லியிருக்கோ அதையே வாங்கு. 'ஜாஸ்தி நல்லது'ன்னு 13, 15 பவுண்டு மூடியைப் போட்டா பலவீனமான இடம் எதுவோ அது பிச்சுக்கும். நம்ம வண்டியில அது ஹீட்டர் கோர்தான். கழுத்தோட ஆழமும் பொருந்தணும், இல்லேன்னா வாஷர் உட்காரவே உட்காராது. நல்ல மூடி கிடைக்காதோன்னு கவலைப்படாதே. 1990-கள்ல, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்தில வச்சிருந்த ரேடியேட்டர் மூடி ஆலையோட எந்திரங்களையே வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். இங்க செஞ்ச மூடி அமெரிக்கக் கார்களுக்குப் போச்சு. இதெல்லாம் நினைச்சா அக்காவுக்குப் பெருமையா இருக்கும்.

நம்ம மாதிரிப் பழைய ரேடியேட்டர்ல தண்ணி வழிஞ்சா பிடிக்க டப்பா கிடையாது, சின்னக் குழாய் வழியா ரோட்டிலதான் போகும். கழுத்து வரைக்கும் ஊத்தினா, சூடானதும் மிச்சத்தைத் துப்பிட்டு ஒரு அங்குலம் கீழே போய் அதுவே நின்னுக்கும். அது ஒழுக்கு இல்லை. தினமும் காலையில கழுத்து வரைக்கும் ஊத்தி ஊத்தி, கூலன்ட்டைப் பச்சைத் தண்ணி ஆக்கிராதே.

தெர்மோஸ்டாட் விஷயத்தில உன்கிட்ட வாக்குவாதம் பண்ணுவாங்க. "நம்ம ஊருக்கு அது தேவையில்லைங்க, எடுத்துப் போட்டுட்டா ஜில்லுனு ஓடும்." ஒத்துக்காதே. எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமானா சோக் போட்டே ஓட்டணும். பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும், ஆயில்ல ஈரம் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்கள்ல அதை எடுத்தா தண்ணி குறுக்கு வழியில சுத்திட்டு, ரேடியேட்டருக்கே போகாம, மலையில இன்னும் சூடாகும். நல்லா இருக்கான்னு வீட்டிலயே பார்த்துக்கலாம். சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில தண்ணி வச்சு, தெர்மோஸ்டாட்டை நூல்ல கட்டி அடியைத் தொடாமத் தொங்க விடு. லேப் தெர்மாமீட்டர் ஒண்ணைப் பக்கத்தில விடு. காய்ச்சல் பார்க்கறது இல்லை, அது வெடிச்சுரும். உள்ள இருக்கிற மெழுகு உருகித் தள்ளும்போது வால்வு மெதுவா எழும்பும். மேல அடிச்சிருக்கிற எண்ணுக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி முன்ன பின்ன திறந்தா சரி. தண்ணி கொதிச்சும் அசையலைன்னா தூக்கிப் போட்டுரு.

பம்புக்கும் பெல்ட்டுக்கும் ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. வாட்டர் பாடிக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல சொட்டினா உள்ள சீல் போச்சு. அந்த ஓட்டையை எம்-சீல் வச்சு அடைக்க விடாதே, பேரிங்குக்குள்ள தண்ணி போயிரும். ஃபேனைப் பிடிச்சு ஆட்டிப் பாரு, ஆட்டம் இருக்கக் கூடாது. பெல்ட்டை நீளமான பக்கத்தில கட்டை விரலால அமுக்கினா அரை அங்குலம் போகணும். சூடு காட்டற மீட்டரை மட்டும் நம்பாதே. தண்ணி சுத்தமாக் காலி ஆயிட்டா சென்சார் காத்தில நிக்கும், முள்ளு கீழே இறங்கிக் காட்டும். சூடா இருந்த முள்ளு திடீர்னு 'ஜில்'லுனு ஆனா சந்தோஷப்படாதே, உடனே ஓரம் கட்டு.

மலை ஏறும்போது

கருமத்தம்பட்டி, அன்னூர் வழியா மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது வண்டி நல்லாத்தான் ஓடும். கல்லாறு தாண்டினதும்தான் பரீட்சை. குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, 1,850 மீட்டர் உயரத்துக்கு ஏறணும். அதிகாலையில ஏறு. கியரைக் குறைச்சு எஞ்சினைச் சுத்த விடு, பெரிய கியர்ல திணறடிக்காதே. எஞ்சின் சுத்தினாத்தான் பம்பும் ஃபேனும் சுத்தும்.

முள்ளு மேல போகுதுன்னா முதல்ல ஹீட்டர் டேப்பை முழுசாத் திற, ஹீட்டர் ஃபேனை முழுசாப் போடு, கண்ணாடியெல்லாம் இறக்கு. வேர்த்துக் கொட்டும், கால்ல அனல் அடிக்கும். தாங்கிக்க, அந்தச் சூடெல்லாம் எஞ்சின்ல இருந்து வெளியே வர்ற சூடு. அதுக்கும் இறங்கலைன்னா பத்திரமான இடமாப் பார்த்து ஓரம் கட்டு, பர்லியார் மாதிரி நாலு கடை இருக்கிற இடம்னா நல்லது. ஆவியோ ஒழுக்கோ இல்லேன்னா எஞ்சினை அணைக்காம, ஐடிலைக் கொஞ்சம் கூட்டி வச்சு, பானெட்டைத் திறந்து விடு. ஆவி வருது, தண்ணி கொட்டுதுன்னா உடனே அணைச்சுரு. மூடியைத் தொடாதே. அரை மணி நேரம் ஆகட்டும், மேல் ஹோஸை அமுக்கினா மெத்துனு இருக்கட்டும். அப்புறம் கனமான துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, மூடியை முதல் தடை வரைக்கும் மட்டும் திருப்பி அழுத்தத்தை விடு. காலியாக் காய்ஞ்ச எஞ்சின்ல பச்சைத் தண்ணியைக் கொட்டினா ஹெட் விரிசல் விடும். ஆறின பிறகு, எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து.

இதுக்கெல்லாம் பயந்து யாரையாவது துணைக்குக் கூப்பிடணும்னு நினைக்காதே. 1888-ல பெர்த்தா பென்ஸ்ங்கற அம்மா, ரெண்டு பசங்களை ஏத்திக்கிட்டு, மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல காரை ஓட்டிட்டுப் போனாங்க. அந்த வண்டியில தண்ணி கொதிச்சு ஆவியாப் போயித்தான் எஞ்சின் ஆறும், அதனால வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்தினாங்க.

ஓட்டி முடிச்சு ஆறின பிறகு ரேடியேட்டருக்குள்ள பாரு. எஞ்சின் ஓடும்போது குமிழ் நிக்காம வந்துட்டே இருந்தாலோ, தினமும் தண்ணி குறைஞ்சும் கீழ சொட்டுத் தெரியலைன்னாலோ, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. கார்ப்பெட்டுக்கு அடியில கையை விட்டுப் பார்த்துட்டு அந்த முடிவுக்கு வா. ஹீட்டர் கோர் கசிஞ்சா முன்சீட்டுக்காரங்க காலடியிலதான் ஈரம் நிக்கும், உள்கண்ணாடியில எண்ணெய் மாதிரி ஒரு படலம் படியும். கேஸ்கட்டை மாத்தச் சொல்லி ஹெட்டைக் கழட்டிட்டு, அப்புறம் கோர்ல ஒழுக்கைக் கண்டுபிடிச்சவங்க உண்டு.

டிக்கியில ஒரு டப்பா வை. ரெண்டு முழம் ஹீட்டர் ஹோஸ், ஒரு மேல் ஹோஸ், நாலஞ்சு கிளிப், திருப்புளி, பிளேடு, சைக்கிள் டியூப் துண்டு, கட்டுக் கம்பி, பத்து லிட்டர் நல்ல தண்ணி. ஹீட்டர் ஹோஸ் பாதை உடைஞ்சு போச்சுன்னா, கோரை விட்டுட்டு ரெண்டு முனையையும் அந்த ரெண்டு முழத் துண்டால வளைச்சு இணைச்சுட்டு வந்துரலாம். புது ஃபேன் பெல்ட் போடும்போது கழட்டின பழசை அங்கயே விட்டுட்டு வராதே, அதையும் வாங்கி டப்பாவில போட்டுக்க. வெடிப்பு விடாம இருந்தா வீடு வந்து சேர்ற வரைக்கும் அது தாங்கும்.